ஓசையற்ற சாலைகள்



விடுமுறை நெருங்கிவிட்டால் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்னும் கேள்வி வீட்டுக்கு வீடு எழுகின்றது. கொடைக்கானல், குற்றாலம், கன்னியாகுமரி என்று பெயர்கள் அடுக்கப்படுகின்றன. பேருந்துக் கட்டணம், விடுதிக் கட்டணம், உணவுச் செலவு என்று தந்தையார் கணக்கிடத் தொடங்கியதும் அப்பெயர்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடுகின்றன. இறுதியில் பிள்ளைகள் கைப்பேசியும் கையுமாக மூலைக்கொருவராய் அமர்ந்துவிடுகின்றனர். வாசற்புறத்திலோ, மகளுக்குப் பள்ளியில் அரசு வழங்கிய மிதிவண்டி காற்றிறங்கிக் கிடக்கின்றது.

இம்மாதம் அந்த மிதிவண்டியைப் பற்றியும், அது செல்லத்தக்க சாலைகளைப் பற்றியும் சிறிது சிந்திப்போம். "மிதிவண்டியா? அது வசதியற்றவர் ஏறுவதாயிற்றே!" என்று முகஞ்சுளிப்போரும் நம்மிடையே உண்டு. அவர்கள் பொருட்டுக் கடல்கடந்த நாடு ஒன்றின் செய்தியை முதலில் கூறிவிட்டு, அதன்பின் நம் ஊர்ப்பக்கம் வருவோம்.

செலே ஆற்றங்கரையில்

பிரான்சு நாட்டின் தென்மேற்கில் லொத் என்றோர் ஆறு ஓடுகின்றது. அதனுடன் வந்து கலக்கும் சிற்றாறு செலே. பிஜாக் என்னும் பழைய நகரைக் கடந்து, சுண்ணாம்புப் பாறைகளின் ஊடே வளைந்து நெளிந்து மேற்கு நோக்கிச் சென்று இச்சிற்றாறு லொத்தில் சேர்கின்றது. ஆற்றை ஒட்டியே ஒரு சிறு சாலையும் செல்கின்றது. ஒருபுறம் நீர், மறுபுறம் செங்குத்தான பாறை. சிறிது தொலைவுக்கு ஒரு சிற்றூர். பழைய துறவு மடம் ஒன்றின் சுவர்களை அணைத்தபடி நிற்கும் ஊரும் உண்டு. சரக்கு வண்டிகளும் விரைவு வண்டிகளும் நெடுஞ்சாலைகளை நாடிப் போய்விடுவதால், இச்சாலையில் மிதிவண்டிச் சங்கிலியின் ஓசையும் நீரோசையும் காதில் விழும்.

அந்நாட்டில் மகிழுந்து இல்லாத குடும்பங்கள் குறைவு. இருந்தும் விடுமுறை நாட்களில் தாயும் தந்தையும் பிள்ளைகளும் ஆளுக்கொரு மிதிவண்டியில் ஏறி, இத்தகைய ஆற்றோரச் சாலைகளைத் தேடிச் செல்கின்றனர். லுவார் ஆற்றின் கரையோரமாக மட்டும் ஏறத்தாழ 900 கிலோமீட்டர் தொலைவுக்கு மிதிவண்டிப் பாதை குறிக்கப்பட்டிருக்கின்றது. வழி பிரியும் இடங்களில் மிதிவண்டிப் படம் பொறித்த கைகாட்டிகள் நிற்கின்றன.

ஆற்றோரச் சாலையை அவர்கள் தேர்ந்துகொள்வதற்குக் காரணம் உண்டு. ஆறு மேட்டில் ஏறுவதில்லை. அதனோடு ஒட்டிச் செல்லும் சாலையும் பெரும்பாலும் பெரிய ஏற்றங்களைக் காண்பதில்லை. குழந்தையின் காலும் முதியவரின் காலும் தாங்கக்கூடிய வழி அது. மேலும், மக்கள் ஆதிநாள் தொட்டே நீருக்கு அருகில் குடியேறியமையால், ஆற்றைத் தொடர்ந்து செல்பவருக்கு ஊரும் நிழலும் குடிநீரும் இடைவிடாமல் கிடைக்கின்றன. அம்மக்களின் வரலாறும் அங்கேயே கிடக்கின்றது. செலே பள்ளத்தாக்கின் கீழ்க்கோடியில் கப்ரரே என்றோர் ஊர். அதன் பங்குத் தந்தையாக இருந்த லெமோசி அடிகளார் குகைகளை ஆராய்வதில் பேரார்வம் உடையவர். அவரது தூண்டுதலால் ஊக்கம் பெற்ற உள்ளூர்ச் சிறுவர்கள் 1922 ஆம் ஆண்டு ஒரு குகைக்குள் நுழைந்து, பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதர் தீட்டிய குதிரை ஓவியங்களைக் கண்டனர். பெஷ் மெர்ல் குகை என்று இன்று உலகமே அதனை அறிகின்றது. தம் ஊரை மெல்ல நடந்து பார்த்தவர்க்குக் கிடைத்த பரிசு அது.

அதே தென்மேற்குப் பகுதியில், லாபஸ்தீது என்னும் ஊருக்கு அருகில், பாழடைந்து கிடந்த பழைய சிற்றாலயம் ஒன்றை யோசேப்பு மாசி என்ற குருவானவர் 1959 ஆம் ஆண்டு மிதிவண்டி ஓட்டுநரின் மாதா ஆலயமாக்கினார். புகழ்பெற்ற பந்தய வீரர்கள் தாம் அணிந்த மேற்சட்டைகளை அங்கே காணிக்கையாகத் தந்துள்ளனர். இத்தாலி நாட்டில் கிசல்லோ மாதாவை மிதிவண்டி ஓட்டுநரின் பாதுகாவலியாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1949 ஆம் ஆண்டு அறிவித்தார். மிதிவண்டியில் ஏறுவது இழிவு என்று எண்ணுவோர் இவற்றை மனத்திற் கொள்வாராக!

நமக்கும் ஓர் ஆறு உண்டு

இனி நம் பக்கம் வருவோம். விருதுநகர் மாவட்டத்தின் தென்பகுதியில், மாவட்ட எல்லைக்கு அருகே அமைந்த ஊர் ஏழாயிரம்பண்ணை. பழைய பாளையங்களுள் ஒன்று. 1799 ஆம் ஆண்டில் பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்ந்து நின்றமைக்காக ஆங்கிலேயர் பறிமுதல் செய்த பாளையங்களில் இதன் பெயரும் இருக்கின்றது. இன்று இப்பெயரைக் கேட்டதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை பட்டாசும் தீப்பெட்டியும். வடக்கே வெம்பக்கோட்டை, வடகிழக்கே சாத்தூர், தென்கிழக்கே கோவில்பட்டி, தென்மேற்கே கழுகுமலை என நான்கு பக்கமும் சாலைகள் பிரிகின்றன.

இவ்வூர் வைப்பாற்றுப் படுகையைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தோன்றி, வெம்பக்கோட்டை, சாத்தூர் வழியாகக் கிழக்கே சென்று, விளாத்திகுளத்தைக் கடந்து மன்னார் வளைகுடாவில் கலப்பது வைப்பாறு. ஆண்டின் பெரும்பகுதி அது மணலாறுதான். செலேயைப் போல் எந்நாளும் நீரோடுவதில்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழை பொய்க்காது பெய்யுமாயின், மார்கழியில் அதன் அழகே தனி.

நிலமோ கரிசல். மேடுபள்ளம் மிகக் குறைவு. ஒரு பள்ளத்தாக்கு மிதிவண்டிக்குத் தரக்கூடிய நன்மையைக் கரிசற் சமவெளி நமக்கு இன்னும் தாராளமாகவே தருகின்றது. மதுரையிலிருந்து திருநெல்வேலி செல்லும் பெருவண்டிகளெல்லாம் சாத்தூரையும் கோவில்பட்டியையும் தொட்டுச் செல்லும் நான்குவழி நெடுஞ்சாலையில் போய்விடுகின்றன. ஊரையும் ஊரையும் இணைக்கும் சிறு தார்ச்சாலைகள் அமைதியாகக் கிடக்கின்றன. பிரான்சு நாட்டார் கைகாட்டி நட்டு வைத்துத் தேடிச் செல்லும் ஓசையற்ற சாலை, நமக்கு வாசலிலிருந்தே தொடங்குகின்றது. அதன் அருமைதான் நமக்குத் தெரிவதில்லை.

மூன்று வழிகள்

முதல் வழி, வடக்கே வெம்பக்கோட்டைக்குச் செல்வது. மிதிவண்டிக்குப் புதிதாகப் பழகிய பிள்ளைகளுக்கு ஏற்றது. இருபுறமும் கரிசற்காடு. மார்கழியில் பருத்தியும் மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் கண்ணுக்குக் குளிர்ச்சி தரும். வெம்பக்கோட்டையில் வைப்பாற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் இருக்கின்றது. நீர் நிறைந்த காலத்தில் கரையில் அமர்ந்து பறவைகளை எண்ணுவதற்கே ஒரு மணி நேரம் போதாது. நீரில் இறங்க மட்டும் பிள்ளைகளை விடலாகாது.

ஆற்றின் வடகரையில் விஜயகரிசல்குளம் என்னும் ஊர். அங்குள்ள மேட்டுக்காடு என்ற இடத்தில் தமிழக அரசின் தொல்லியல் துறை 2022 ஆம் ஆண்டு அகழாய்வைத் தொடங்கி, 2023, 2024 ஆம் ஆண்டுகளிலும் தொடர்ந்து நடத்தியது. முதற்கட்டத்திலேயே மூவாயிரத்துக்கு மேற்பட்ட பொருள்கள் வெளிப்பட்டன. சுடுமண் உருவங்கள், கண்ணாடி மணிகள், சங்கு வளையல்கள் ஆகியன அவற்றுட் சில. சங்கோ கடலில் கிடைப்பது. கடலுக்கு நெடுந்தொலைவில் உள்ள இவ்வூரில் அத்தனை சங்கு வளையல்கள் எப்படி வந்தன? மன்னார் வளைகுடாவில் எடுத்த சங்கு, வைப்பாற்றங்கரை வழியே உள்நாட்டுக்கு வந்து இங்கே அறுக்கப்பட்டிருக்கலாம் என எண்ண இடமுண்டு. அவ்வாறாயின், நம் பிள்ளைகள் மிதிவண்டியில் செல்லும் அதே ஆற்றோரத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வணிகர் நடந்திருக்கின்றனர். பாடநூலில் பத்து வரியில் முடிந்துபோகும் வரலாறு, வியர்வை சிந்திப் போய்ப் பார்த்த பிள்ளைக்கு மறப்பதில்லை.

இரண்டாம் வழி, வடகிழக்கே சாத்தூருக்குச் செல்வது. இது சற்று நீண்டது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தக்கது. சாத்தூரை வைப்பாறு தொட்டுச் செல்கின்றது. ஒரு காலத்தில் பேனா முட்கள் செய்வதில் பெயர்பெற்ற ஊர் அது. வெள்ளரிப் பிஞ்சும் காரச்சேவும் இன்றும் அவ்வூரின் பெயரைச் சொல்லும். வலிமையுள்ள இளைஞர்கள் இன்னும் கிழக்கே இருக்கன்குடி வரை போகலாம். அருச்சுனா ஆறும் வைப்பாறும் கூடுமிடம் அது. இரு ஆறுகளுக்கும் நடுவே புகழ்பெற்ற மாரியம்மன் கோயில் அமைந்துள்ளது. ஆடி மாதத்தில் அங்கே திரளும் கூட்டம் அளவற்றது. அப்போது அச்சாலையில் அமைதியைத் தேடுவது வீண். இவ்வழியில் நெடுஞ்சாலையைக் கடக்க நேரிடும். அவ்விடத்தில் எல்லாரும் வண்டியை விட்டு இறங்கி, இருபுறமும் பார்த்து, உருட்டிக்கொண்டே கடக்க வேண்டும். இதில் சிறியவர் பெரியவர் என்ற வேறுபாடே கூடாது.

மூன்றாம் வழி தென்மேற்கே, மாவட்ட எல்லையைக் கடந்து செல்வது. கழுகுமலை நெடுந்தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரிவதால் வழி தவறுமோ என்ற அச்சமில்லை. மலைமேல் பாறையில் செதுக்கிய சமண உருவங்களும், வெட்டுவான் கோயிலும் உள்ளன. எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், ஒரே பாறையை மேலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து செய்த கோயில் அது. முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. அங்கிருந்து கோவில்பட்டிப் பக்கமாகத் திரும்பினால் காமநாயக்கன்பட்டிக்குச் செல்லலாம். புனித அருளானந்தரும் வீரமாமுனிவரும் பணிபுரிந்த பழைய மறைத்தளம் அது என்பதை நம் வாசகர்கள் அறிவர். ஆகஸ்டு 15 ஆம் நாள் பரலோக மாதா திருவிழாவுக்குக் கால்நடையாகவே வருவோர் உண்டு. அக்காலத்துக் குருக்கள் இக்கரிசற் பாதைகளில் நடந்தும் மாட்டு வண்டியிலுமே ஊர் ஊராகச் சென்றனர். அவர்கள் சென்ற வேகத்துக்கு ஓரளவு நெருங்கிவரக் கூடிய வாகனம் இன்று நம்மிடம் மிதிவண்டி ஒன்றே.

காற்றும் மண்ணும் முள்ளும்

இவ்வழிகளில் செல்வோர் மூன்று பொருள்களை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது காற்று. ஆனியிலும் ஆடியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வழியே நுழைந்து வீசும் மேல்காற்றின் வலிமை சாதாரணமானதன்று. கயத்தாற்றுப் பக்கம் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகளே அதற்குச் சாட்சி. எதிர்காற்றில் மிதிக்கும் பிள்ளை அரைமணி நேரத்தில் சோர்ந்துவிடும். ஆதலால் அம்மாதங்களில் விடியற்காலையில், காற்று எழும்புமுன், மேற்கு நோக்கிப் புறப்பட வேண்டும். திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக் கொண்டுவந்து வீட்டில் சேர்த்துவிடும். கழுகுமலை வழிக்கு இது நன்கு பொருந்தும். இதனை மாற்றிச் செய்து, கிழக்கே சாத்தூருக்குக் காற்றோடு பறந்து போனவர் திரும்பி வரும்போது படும் பாட்டைச் சொல்லி முடியாது.

இரண்டாவது மண். கரிசல் மண் காய்ந்திருக்கும்போது கல்லைப் போன்றது. நனைந்துவிட்டால் பசையைப் போன்றது. மழைநாளில் குறுக்கு வழி என்று வண்டிப்பாதையில் இறங்கினால், சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே மண் அப்பிக்கொண்டு வண்டி அசையவே அசையாது. குச்சியால் சுரண்டிச் சுரண்டிக் கை ஓய்ந்துபோகும். மழைக்காலத்தில் தார்ச்சாலையை விட்டு இறங்கலாகாது.

மூன்றாவது முள். சாலையோரமெங்கும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கின்றது. வெட்டிய கிளைகளை வண்டியில் ஏற்றிச் செல்லும்போது முள் உதிரும். அது டயரைத் துளைத்து டியூபைப் பதம் பார்த்துவிடும். பஞ்சர் ஒட்டும் பசை, ரப்பர்த் துண்டு, உப்புத்தாள், சிறிய காற்றுப் பம்பு ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக் கைப்பிடியில் மாட்டிக்கொள்ளுங்கள். அன்று மணிக்கணக்கில் வாடகை மிதிவண்டி தந்த கடைகள் ஊருக்கு ஊர் இருந்தன. இன்று அக்கடைகள் அரிதாகிவிட்டன. பஞ்சர் ஒட்டும் கலையைத் தந்தை மகனுக்கும் மகளுக்கும் கற்பித்துவிடுவதே அறிவுடைமை.

அமைதியின் உள்ளே இருப்போர்

இச்சாலைகள் அமைதியானவை என்றோம். ஆனால் அந்த அமைதியின் உள்ளே யார் இருக்கின்றனர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வேப்ப மரங்களுக்கு அப்பால், சிறு சிறு அறைகளாக, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டப்பட்ட பட்டாசுத் தொழிற்கூடங்களைக் காண்பீர்கள். வெடிமருந்தைக் கையாளும் ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருத்தலாகாது என்பது விதி. ஓரிடத்தில் தீப்பற்றினால் மற்றோரிடத்துக்குப் பரவாதிருக்கவே அவ்விடைவெளி. வெளியிலிருந்து நோக்குவோர்க்கு ஓசையற்ற தோட்டம் போலத் தோன்றும் அவ்விடத்தில் நம் அண்டை வீட்டு அக்காவும் அண்ணனும் மருந்து செலுத்திக் கொண்டிருக்கின்றனர்.

2021 ஆம் ஆண்டு பிப்ரவரி 12 ஆம் நாள், ஏழாயிரம்பண்ணைக்கு அருகே அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்கு முன், 2012 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த விபத்தில் மாண்டோர் தொகை முப்பத்தைந்துக்கும் மேல். இவ்வூர்களைக் கடந்து செல்லும்போது பிள்ளைகளிடம் இதனை மறைக்க வேண்டியதில்லை. தீபாவளியன்று அவர்கள் கையில் மலரும் பூவாணத்துக்குப் பின்னே ஒரு தாயின் உழைப்பு உண்டு என்பதை அவர்கள் அறிந்தே வளரட்டும்.

இதிலிருந்து சில ஒழுங்குகள் தாமே பிறக்கின்றன. தொழிற்கூட வாயிலில் கூட்டமாக நிற்கலாகாது. அங்கே தீக்குச்சி உரசுதலும் புகைத்தலும் அறவே கூடாது. சாலையோரத்தில் கிடக்கும் காகிதக் குழாய், திரி, மருந்துத் துகள் எதனையும் பிள்ளைகள் கையால் தொடலாகாது. காலையிலும் மாலையிலும் தொழிலாளரை ஏற்றிய வண்டிகள் விரைந்து வரும். அந்நேரத்தைத் தவிர்ப்பது நலம். பெரும்பாலான தொழிற்கூடங்களுக்கு ஓய்வு நாளாகிய ஞாயிறன்று சாலை இன்னும் அமைதியாக இருக்கும். மார்கழி, தை மாதங்களில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் புறப்படலாம். பங்குனி, சித்திரையிலோ விடியுமுன் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். எப்போதும் இடப்புறமாக, ஒருவர் பின் ஒருவராகவே செல்க. இடுக்கமான அச்சாலையில்தான் தீயணைப்பு வண்டியும் மருத்துவ ஊர்தியும் வந்தாக வேண்டும் என்பதை மறவாதீர்கள்.

மகளுக்கு உரிய சாலை

இத்தனையும் ஒரு நாள் உல்லாசத்துக்காகவா என்று கேட்கலாம். இல்லை. இதனினும் பெரிதான ஒன்று இதில் அடங்கியிருக்கின்றது.

1991 ஆம் ஆண்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் திருமதி ஷீலாராணி சுங்கத். எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்கள் கற்றுக்கொள்ளட்டும் என்று அவ்வியக்கம் முடிவு செய்தது. கல்லுடைப்போரும் கழனி வேலை செய்வோரும் ஆசிரியைகளும் ஆயிரக்கணக்கில் கற்றனர். முதலில் எள்ளி நகைத்த ஊர், பின்னர் வாய்மூடியது. தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, ஒருவர் துணையையும் எதிர்பாராமல் பெண்கள் தம் வேலைக்குத் தாமே சென்றனர். அதன் பின்னர்ப் பதினொன்றாம் வகுப்பில் பயிலும் மாணவ மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கும் திட்டம் தமிழகத்தில் வந்தது. முதலில் ஒடுக்கப்பட்ட வகுப்பு மாணவியர்க்கென 2001 ஆம் ஆண்டளவில் தொடங்கி, 2005 ஆம் ஆண்டில் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர் அனைவர்க்கும் அது விரிவாக்கப்பட்டது.

வண்டி கிடைத்துவிட்டது. சாலை? சாலையும் இருக்கின்றது. பின் ஏன் அவ்வண்டி வாசற்புறத்தில் காற்றிறங்கிக் கிடக்கின்றது? தாய்மார்களைக் கேட்டால் விடை கூறுவர்: "அந்த ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லையே, எப்படித் தனியாக அனுப்புவது?"

இதுவே நாம் ஆழ்ந்து எண்ண வேண்டிய இடம். ஓசையற்ற சாலை இருவகைப்படும். ஆளே இல்லாத காரணத்தால் ஓசையற்றிருப்பது ஒன்று. அதில் செல்லும் பெண்பிள்ளைக்கு நெஞ்சு படபடக்கும். மெல்லச் செல்வோர் பலர் இருந்தும் ஓசையற்றிருப்பது மற்றொன்று. அதில் செல்லும் பிள்ளைக்கு ஒவ்வொரு மிதிவண்டியும் ஒரு துணை. செலே ஆற்றங்கரைச் சாலை இரண்டாம் வகை. நம் சாலைகளில் பலவும் முதல் வகைக்கு நழுவிக்கொண்டிருக்கின்றன. பெரியவர்கள் இருசக்கர மோட்டார் வண்டியில் ஒரு நொடியில் பறந்துவிடுகின்றோம். யார் வருகின்றார், யார் போகின்றார் என்று நாம் பார்ப்பதில்லை. நம்மையும் எவரும் பார்ப்பதில்லை.

ஒரு பங்கிலிருந்து பத்துக் குடும்பங்கள் மாதத்துக்கு ஒருமுறை ஒரே சாலையில் மிதிவண்டியில் சென்றுவந்தால் என்ன நிகழும்? தேநீர்க் கடைக்காரர் பிள்ளைகளின் முகங்களை அறிந்துகொள்வார். ஆடு மேய்ப்பவர், "இன்னைக்கு அப்பா வரலையாம்மா?" என்று கேட்பார். சாலை வளைவில் இருக்கும் பள்ளம் எது, நாய் துரத்தும் தெரு எது, விளக்கில்லாத இடம் எது என்பது தாய்க்கும் தந்தைக்கும் தெரிந்துவிடும். தெரிந்த பின் ஊராட்சி மன்றத்தில் எழுந்து கேட்கவும் இயலும். திங்கட்கிழமை மகள் தனியே பள்ளிக்குச் செல்லும்போது அச்சாலை அவளுக்கு அந்நியமாக இராது. கைகாட்டிப் பலகை நடுவதற்கு அரசு வேண்டும். கண்காணிக்கும் கண்களைத் தருவதற்குக் குடும்பங்கள் போதும்.

மகன்களைப் பற்றியும் ஒரு சொல். பதினெட்டு வயது நிறைந்ததும் தவணையில் மோட்டார் வண்டி வாங்கித்தா என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள் பலர். அவன் இரவு வீடு திரும்பும்வரை வாசலில் நின்று செபமாலை உருட்டும் தாய்மாரும் பலர். சிறு வயதிலேயே சாலையின் ஒழுங்கை மிதிவண்டியில் கற்றவன், பிற்காலத்தில் எந்த வண்டியில் ஏறினாலும் பிறர் உயிரை மதிப்பான். மேட்டில் மூச்சிரைக்க மிதித்தவனுக்கு, தன்னைக் கடந்து சீறிச்சென்ற லாரியால் நடுங்கியவனுக்கு, எதிரே மிதிவண்டியில் வருபவரின் நிலை விளங்கும்.

புறப்படுமுன்

முதல் நாளே வண்டியைச் சரிபார்த்து விடுங்கள். டயரில் காற்று, பிரேக் கட்டை, சங்கிலிக்கு எண்ணெய், மணி, பின்புறச் சிவப்பு வில்லை ஆகிய ஐந்தையும் பிள்ளையே பார்த்துச் சொல்லட்டும். இருக்கையின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். தாழ்ந்த இருக்கையில் அமர்ந்து மிதித்தால் முழங்கால் நோகும். தலைக்கவசம் நன்று. ஆளுக்கு இரண்டு குப்பி நீரும், சிறிது கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் எடுத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறைய உண்டுவிட்டு மிதிக்க வேண்டா.

குடும்பத்தில் மிக மெதுவாக மிதிப்பவர் எவரோ, அவரது வேகமே அனைவரின் வேகம். அவரை முன்னே விட்டு, பொறுப்புள்ள பெரியவர் ஒருவர் கடைசியில் வர வேண்டும். பிள்ளைகளோடு செல்லும்போது ஒரு மணி நேரத்துக்குப் பத்துக் கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் போதும். இளைய மகனுக்கு முன்னே ஓடிப்போய்க் காட்டவேண்டும் என்ற ஆவல் இருக்கும். தங்கைக்காகக் காத்திருக்கும் பொறுமையை அவன் அங்கே கற்கட்டும். நோயுற்ற பாட்டியார் வர இயலாவிடில், திரும்பி வந்ததும் அவரருகே அமர்ந்து கண்டவற்றைச் சொல்லும் கடமை பிள்ளைகளுக்கு உண்டு. அவர் இளமையில் இதே ஆற்றில் ஊற்றுத் தோண்டி நீர் முகந்த கதை அப்போது வெளிவரும்.

வரும் விடுமுறைக்குக் கொடைக்கானல் கிட்டாமற் போகலாம். வைப்பாறு எங்கும் போய்விடவில்லை. முதலில் வாசற்புறத்து மிதிவண்டியைத் துடைத்துக் காற்றடிப்போம். வெம்பக்கோட்டை வரை சென்று வருவோம். சென்று வந்தவர்கள் அடுத்த வீட்டாரையும் அழையுங்கள். நம் பெண்மக்கள் அஞ்சாமல் செல்லும் சாலை ஒன்றை அவர்களுக்கு விட்டுச் செல்வோமாயின், அதுவே நாம் அளிக்கும் சீதனங்களுள் சிறந்தது.